பணிசெயல் முறைமை: லினக்ஸில் தொடக்க ஸ்கிரிப்டுகளும் அமைவுக் கோப்புகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

• கணினி தொடங்கும் படிமுறைகளை ஒழுங்காக எழுதுவீர்கள்.
• தொடக்க ஸ்கிரிப்ட், அமைவுக் கோப்பு ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
• அவை எந்த அடைவில், எந்த ஒழுங்கில் வைக்கப்படுகின்றன என்பதை விளக்குவீர்கள்.
• அமைவுக் கோப்பு ஒன்றைப் பாதுகாப்பாகத் திருத்தும் முறையைக் கூறுவீர்கள்.

1. அறிமுகம்

ஆய்வுகூடக் கணினி ஒன்று காலையில் இயங்க மறுத்தால் இரண்டு பேச்சுகளே உடனடியாகக் காதில் விழும். ஒன்று, "வைரஸ் போல இருக்கு." மற்றது, "எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்பப் போடணும்." அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினால் கணினி இயங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் தரம் 11 மாணவர் ஒரு தவணை முழுவதும் செய்த செயற்றிட்டம் இருந்தால் அதுவும் சேர்ந்தே அழியும். பல சந்தர்ப்பங்களில் கோளாறு ஒரேயொரு வரியில்தான் இருக்கும். அந்த வரி எங்கே உள்ளது என்பதை அறிந்தவருக்குத் திருத்துவதற்குப் பத்து நிமிடம் போதும்.

யுனிக்ஸ் பணிசெயல் முறைமை 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கப்பட்டது. அதன் வழிமுறையைப் பின்பற்றி 1991 இல் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் லினக்ஸ் கேர்னலை வெளியிட்டார். இவ்வகை முறைமைகளின் முக்கியமான பண்பு ஒன்றை முதலில் மனத்திற் பதித்துக் கொள்ளுங்கள். முறைமை எப்படித் தொடங்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பன பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகளிலேயே எழுதி வைக்கப்பட்டுள்ளன. அவற்றைத் திறந்து வாசிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம்.

இதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. கண்டிக்குத் தென்மேற்கே, பேராதனைப் பல்கலைக்கழக வளவுக்கு மேலாக உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அம்மலையின் பெயரைத் தாங்கி 2009 இல் ஒரு லினக்ஸ் வெளியீடு இலங்கையில் உருவாக்கப்பட்டது. அதுவே ஹந்தானை லினக்ஸ். பெடோரா என்னும் லினக்ஸ் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டு, இணைய வசதி இல்லாத வீட்டிலும் பாடசாலையிலும் பயன்படுத்தத்தக்கதாக, அலுவலக மென்பொருள்களும் கல்வி மென்பொருள்களும் முன்கூட்டியே சேர்க்கப்பட்டு அது வெளிவந்தது.

இவ்வாறு ஒரு வெளியீட்டைத் தழுவி இன்னொன்றை ஆக்குபவர்கள் கேர்னலைப் புதிதாக எழுதுவதில்லை. வேண்டிய மென்பொருள்களைத் தெரிந்தெடுத்து, வேண்டாதவற்றை நீக்கி, அமைவுகளை மாற்றுகிறார்கள். மூல நிரல் திறந்திருப்பதாலும் அமைவுகள் வாசிக்கத்தக்க கோப்புகளில் இருப்பதாலுமே இது கைகூடுகிறது. திறந்த மூல மென்பொருளின் நன்மைகளைக் கேட்டால், 'இலவசம்' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் இந்த நன்மையையும் எழுதுக.

கவனிக்குக: இப்பாடத்தில் கோப்புகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் காணப்படும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும்.

2. முக்கிய சொற்கள்

கேர்னல்: பணிசெயல் முறைமையின் கருப்பகுதி. வன்பொருளையும் நினைவகத்தையும் செயன்முறைகளையும் முகாமை செய்வது.

அடைவு: கோப்புகளை வகைப்படுத்தி வைக்கும் இடம். கோப்புறை என்றும் கூறுவர்.

ஸ்கிரிப்ட்: கணினி ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளை எழுதிய எழுத்துக் கோப்பு.

அமைவுக் கோப்பு: ஒரு மென்பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதற்கான தெரிவுகளை எழுதிய கோப்பு. கணினியின் பெயர், மொழி, வலையமைப்பு முகவரி போன்றவை இதில் இருக்கும்.

சேவை: திரையில் தோன்றாமல் பின்னணியில் இயங்கிக் கொண்டிருக்கும் செய்நிரல். அச்சுப்பொறிச் சேவை, வலையமைப்புச் சேவை என்பன உதாரணங்கள்.

ஸ்கிரிப்டுக்கும் அமைவுக் கோப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். ஸ்கிரிப்ட் "இதைச் செய்" என்கிறது. அமைவுக் கோப்பு "இது இவ்வாறு இருக்கட்டும்" என்கிறது. சமையலறையில், செய்முறை ஒழுங்கு ஸ்கிரிப்டைப் போன்றது. "இந்த வீட்டில் உப்புக் குறைவு, காரம் கூட" என்ற குறிப்பு அமைவுக் கோப்பைப் போன்றது. செய்முறையை மாற்றாமலே குறிப்பை மட்டும் மாற்றி வேறு வீட்டுக்கும் சமைக்கலாம். இரண்டையும் பிரித்து வைப்பதன் பயன் இதுவே.

3. கணினி தொடங்கும் படிமுறைகள்

ஆளியை அழுத்தியது முதல் பயனர் பெயரைக் கேட்கும் திரை தோன்றும் வரை நடைபெறுவன பின்வருமாறு:

படி 1: தாய்ப்பலகையில் உள்ள நிலையான நினைவகத்தில் பதியப்பட்ட பயொஸ் (புதிய கணினிகளில் யூஈஎப்ஐ) இயங்கத் தொடங்கும்.

படி 2: நினைவகம், விசைப்பலகை முதலியன சரியாக உள்ளனவா எனச் சோதிக்கப்படும். இது வலுவூட்டற் சுயசோதனை எனப்படும்.

படி 3: வன்தட்டில் உள்ள தொடக்கி நிரல் இயங்கும். லினக்ஸில் பெரும்பாலும் 'கிரப்' என்னும் நிரல் இவ்வேலையைச் செய்கிறது.

படி 4: கிரப், கேர்னலை முதன்மை நினைவகத்தில் ஏற்றும்.

படி 5: கேர்னல் வன்பொருளை அடையாளங் கண்டு, கோப்புகள் உள்ள பிரிவை இணைக்கும்.

படி 6: கேர்னல் முதலாவது செயன்முறையைத் தொடக்கும். இதன் செயன்முறை இலக்கம் எப்போதும் 1 ஆகும். மரபாக இதன் பெயர் 'இனிட்'.

படி 7: முதலாவது செயன்முறை, தொடக்கக் கோப்புகளை வாசித்து ஏனைய சேவைகளைத் தொடக்கும். இறுதியில் உள்நுழைவுத் திரை தோன்றும்.

இவற்றுள் படி 1 முதல் 5 வரை பயனர் மாற்றக்கூடியவை குறைவு. படி 6, 7 ஆகியனவே தொடக்க ஸ்கிரிப்டுகளின் களம். ஆகவே இனி அவற்றை விரிவாக நோக்குவோம்.

4. ஒழுங்கு ஏன் தேவை?

கண்டி எசல பெரஹராவைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சாட்டை அடிப்பவர்கள் வருவார்கள். அந்த ஒலியைக் கேட்டவுடனே வீதியோரத்தில் இருப்பவர்கள் ஊர்வலம் வருகிறது என்று ஆயத்தமாகிவிடுவார்கள். பின்னர் கொடி ஏந்துவோர், முதல் யானையில் வரும் பெரமுனை றாள, மேளகாரர், நடனக்காரர், மாளிகை யானை என வரிசை தொடரும். தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினித் தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். ஒவ்வொருவருக்கும் தம் இடம் தெரியும். அந்த ஒழுங்கு குலைந்தால் ஊர்வலம் நகராது.

கணினியிலும் இப்படித்தான். வலையமைப்பு ஆயத்தமாகுமுன் வலைத்தளச் சேவை தொடங்கினால் அது யாருடனும் பேச முடியாது. வன்தட்டின் பிரிவு இணைக்கப்படுமுன் அதில் உள்ள கோப்பைத் தேடினால் கிடைக்காது. எனவே எது முதலில், எது பின்னர் என்பதை எங்கேனும் எழுதி வைக்க வேண்டும். அதை எழுதி வைக்கும் முறைகள் மூன்றைப் பார்ப்போம்.

(அ) பி.எஸ்.டி. முறை

தொடக்கக் கட்டளைகள் ஒரு சில பெரிய ஸ்கிரிப்டுகளில் மேலிருந்து கீழாக எழுதப்படும். இவற்றின் பெயர் 'ஆர்சி' என்று தொடங்கும். வாசிப்பதற்கு இது எளிது. ஆனால் புதிய சேவை ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் பெரிய கோப்பின் நடுவே கைவைக்க நேரிடும். அங்கே விடும் ஒரு பிழை அதற்குக் கீழே உள்ள அனைத்தையும் பாதிக்கலாம். 1993 இல் வெளிவந்த ஸ்லக்வெயார் லினக்ஸ் இம்முறையைத் தழுவியது.

(ஆ) சிஸ்டம் ஐந்து முறை

1983 இல் வெளிவந்த யுனிக்ஸ் சிஸ்டம் ஐந்தின் வழியாகப் பரவிய முறை இது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு தனி ஸ்கிரிப்ட் உண்டு. அவை எல்லாம் 'இனிட்.டி' என்னும் அடைவில் வைக்கப்படும். தொடங்கும் ஒழுங்கோ வேறு அடைவுகளில், இணைப்புகளின் பெயர்களில் எழுதப்படும். இணைப்பு என்பது வேறோர் இடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் குறுக்குவழி ஆகும்.

இணைப்பின் பெயர் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலில் ஓர் எழுத்து, பின்னர் ஈரிலக்க எண், பின்னர் சேவையின் பெயர். எழுத்து 'எஸ்' ஆனால் சேவையைத் தொடங்குக என்பது பொருள். 'கே' ஆனால் நிறுத்துக என்பது பொருள். எண் சிறிதாயின் முன்னர் நடைபெறும்.

பழைய ரெட் ஹட் வகை முறைமைகளில் இருந்த எண்களை உதாரணமாக நோக்குக:

வலையமைப்பு – தொடக்கம் எஸ்10, நிறுத்தம் கே90
நிகழ்வுப் பதிவு – தொடக்கம் எஸ்12, நிறுத்தம் கே88
வலைத்தளச் சேவை – தொடக்கம் எஸ்85, நிறுத்தம் கே15

இதில் ஓர் அழகான ஒழுங்கு இருப்பதைக் கண்டீர்களா? முதலில் தொடங்கும் வலையமைப்பு இறுதியிலேயே நிறுத்தப்படுகிறது. பின்னால் தொடங்கும் வலைத்தளச் சேவை முதலில் நிறுத்தப்படுகிறது. ஒவ்வொன்றிலும் இரு எண்களையும் கூட்டினால் 100 வருகிறது. எல்லாச் சேவைகளுக்கும் இக்கூட்டுத்தொகை பொருந்தாது. ஆயினும் 'முதலில் வந்தது கடைசியில் போகும்' என்ற கருத்தை நினைவில் வைக்க இவ்வுதாரணம் உதவும். மேல் மாடி கட்டியவர் உடைக்கும்போது மேலிருந்துதானே உடைக்க வேண்டும்!

எஸ்99 என்ற எண்ணுடன் 'லோகல்' என்னும் இணைப்பும் இருந்தது. அது சுட்டும் 'ஆர்சி.லோகல்' கோப்பு, கணினியைப் பராமரிப்பவர் தமது சொந்தக் கட்டளைகளை எழுதுவதற்காக ஒதுக்கப்பட்டது. ஏனையவை எல்லாம் தொடங்கிய பின்னரே அது நிறைவேறும்.

ஸ்கிரிப்ட் ஓரிடத்தில், ஒழுங்கு வேறோரிடத்தில் என்று பிரித்ததால், சேவை ஒன்றை நிறுத்தி வைக்க விரும்பினால் இணைப்பை மட்டும் நீக்கினால் போதும். மூல ஸ்கிரிப்ட் பத்திரமாக இருக்கும்.

(இ) சிஸ்டம்டி முறை

எண் வரிசையில் ஒரு குறை உண்டு. ஒன்று முடியும் வரை மற்றது காத்திருக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத சேவைகளும் வீணாகக் காத்திருக்க நேரிடும்.

மீண்டும் பெரஹராவை எண்ணிப் பாருங்கள். நான்கு தேவாலயங்களின் குழுவினரும் ஒருவர் உடுத்தி முடியும் வரை மற்றவர் காத்திருப்பதில்லை. தத்தம் தேவாலயங்களில் ஒரே நேரத்தில் ஆயத்தமாகிறார்கள். வரிசையில் சேரும்போது மட்டுமே 'இவருக்குப் பின்னர் நாம்' என்பதைக் கவனிக்கிறார்கள்.

2010 இல் அறிமுகமான சிஸ்டம்டி இந்த முறையில் வேலை செய்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறிய கோப்பு உண்டு. இந்தச் சேவைக்கு எது தேவை, எதற்குப் பின்னர் இது தொடங்க வேண்டும், எந்த நிரலை இயக்க வேண்டும் என்பன அதில் எழுதப்படும். தொடர்பில்லாதவை ஒரே நேரத்தில் தொடங்கப்படும். ஒரு சேவை இடைநடுவில் நின்றுபோனால் அதை மீளத் தொடக்குமாறும் எழுதலாம்.

பெடோரா தனது 15 ஆம் பதிப்பில், 2011 இல், இம்முறைக்கு மாறியது. டெபியன் 8 உம் உபுண்டு 15.04 உம் 2015 ஏப்ரலில் மாறின. எனவே இன்று ஆய்வுகூடங்களில் நிறுவப்படும் பெடோரா, உபுண்டு ஆகியவற்றில் இலக்கம் 1 கொண்ட செயன்முறை சிஸ்டம்டி ஆகும். ஆயினும் சிஸ்டம் ஐந்து முறையை அறிந்திருப்பது, ஒழுங்கு என்ற கருத்தை விளங்கிக் கொள்ளப் பெரிதும் உதவும்.

5. ஓட்ட மட்டங்கள்

கணினி எந்த நிலையில் இயங்க வேண்டும் என்பதை எண்ணால் குறிப்பது ஓட்ட மட்டம் எனப்படும். ரெட் ஹட் வகை முறைமைகளில் அவை:

0 – கணினியை நிறுத்துதல்
1 – தனிப் பயனர் நிலை (திருத்த வேலைகளுக்கு)
2 – வலையமைப்புக் கோப்புப் பகிர்வு இல்லாத பல பயனர் நிலை
3 – பல பயனர் நிலை, கட்டளை வரி இடைமுகம்
4 – ஒதுக்கப்படாதது
5 – பல பயனர் நிலை, வரைபியல் பயனர் இடைமுகம்
6 – கணினியை மீளத் தொடக்குதல்

டெபியன் வகையில் 2 முதல் 5 வரையானவை வழக்கமாக ஒரே தன்மையுடையனவாக இருந்தன. 0, 1, 6 ஆகியவற்றின் பொருள் இரண்டிலும் ஒன்றே.

பழைய முறையில் எந்த மட்டத்தில் தொடங்க வேண்டும் என்பது 'இனிட்டாப்' என்னும் கோப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டது. அவ்விடத்தில் தவறுதலாக 6 என எழுதினால் என்ன நடக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள். கணினி தொடங்கும், உடனே மீளத் தொடங்கும், மீண்டும் மீண்டும் தொடங்கிக் கொண்டே இருக்கும். வன்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. பிழை ஓர் எழுத்து மட்டுமே.

சிஸ்டம்டியில் எண்களுக்குப் பதிலாக 'இலக்குகள்' உள்ளன. பல பயனர் இலக்கு மட்டம் 3 க்கும், வரைபியல் இலக்கு மட்டம் 5 க்கும் ஒப்பானவை.

6. அமைவுக் கோப்புகளின் இருப்பிடம்: எட்சி அடைவு

யுனிக்ஸ் வகை முறைமைகளில் அடைவுகள் ஒரு தலைகீழ் மரம் போல அமைந்துள்ளன. மூலம் '/' என்னும் குறியால் காட்டப்படும். முழு முறைமைக்கும் உரிய அமைவுக் கோப்புகள் '/எட்சி' என்னும் அடைவில் வைக்கப்படும். இதனை ஆங்கிலத்தில் ஈ, ரி, சி என்னும் மூன்று எழுத்துகளால் எழுதுவர். லினக்ஸ் வெளியீடுகளுக்கான கோப்பு ஒழுங்கு நியமம், இவ்வடைவில் இயக்கத்தக்க இருமக் கோப்புகளை வைக்கலாகாது என்று கூறுகிறது. அதாவது நிரல்களுக்கு வேறு இடம், அமைவுகளுக்கு இந்த இடம்.

இவ்வடைவில் உள்ள சில கோப்புகளை அறிந்து கொள்ளுங்கள்:

ஹோஸ்ட்நேம் – கணினியின் பெயர்.
ஹோஸ்ட்ஸ் – கணினிப் பெயர்களும் அவற்றுக்குரிய முகவரிகளும்.
எப்எஸ்டாப் – தொடங்கும்போது இணைக்கப்பட வேண்டிய வன்தட்டுப் பிரிவுகளின் பட்டியல்.
பாஸ்வட் – பயனர் கணக்குகளின் பட்டியல்.
ஷடோ – கடவுச்சொற்களின் மறைகுறி வடிவம். சாதாரண பயனர் இதனை வாசிக்க முடியாது.
புரொபைல் – பயனர்கள் கட்டளை வரியில் உள்நுழையும்போது எல்லோருக்கும் பொதுவாக நிறைவேறும் கட்டளைகள்.

'.டி' என முடியும் அடைவுகள்

எட்சியினுள் 'புரொபைல்.டி' போன்று '.டி' என முடியும் பல அடைவுகளைக் காண்பீர்கள். பெரிய கோப்பு ஒன்றைத் திருத்துவதற்குப் பதிலாகச் சிறிய கோப்பு ஒன்றை இவ்வடைவினுள் இட்டால் போதும். முறைமை பெயர் வரிசைப்படி அவற்றை வாசித்துக் கொள்ளும். ஒரே அப்பியாசப் புத்தகத்தில் எல்லாப் பாடங்களையும் எழுதாமல் பாடத்துக்கு ஒன்றாக வைத்துக் கொள்வது போன்றது இது. ஒரு மென்பொருளை நீக்கும்போது அதற்குரிய சிறு கோப்பும் நீங்கும், மற்றவை பாதிக்கப்படா.

வெளியீட்டாளரின் கோப்பும் நமது கோப்பும்

சிஸ்டம்டி முறையில் வெளியீட்டாளர் தரும் சேவைக் கோப்புகள் 'யூஎஸ்ஆர்' அடைவினுள் இருக்கும். கணினியைப் பராமரிப்பவர் எழுதும் கோப்புகள் எட்சி அடைவினுள் இருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் எட்சியில் உள்ளதே செல்லுபடியாகும். மென்பொருளை இற்றைப்படுத்தும்போது வெளியீட்டாளரின் கோப்பு மாறலாம். நமது கோப்பு மாறாது. ஆகவே வெளியீட்டாளரின் கோப்பில் நேரடியாகக் கைவைக்காதீர்கள்.

7. பயனருக்குரிய அமைவுக் கோப்புகள்

எட்சியில் உள்ளவை வீட்டுக்கே உரிய சட்டம் போன்றவை. ஒவ்வொரு பயனருக்கும் தனித் தெரிவுகளும் உண்டு. அவை அவரவர் வீட்டு அடைவில், புள்ளியுடன் தொடங்கும் பெயர்களில் வைக்கப்படும். '.பாஷ்ஆர்சி', '.புரொபைல்' என்பன உதாரணங்கள். புள்ளியுடன் தொடங்கும் கோப்புகள் சாதாரண பட்டியலில் தோன்றுவதில்லை. ஆகையால் இவை மறை கோப்புகள் எனப்படும்.

உள்நுழையும்போது முதலில் பொதுவான கோப்பும் பின்னர் பயனரின் கோப்பும் வாசிக்கப்படும். இரண்டும் முரண்பட்டால் பின்னர் வாசிக்கப்பட்டதே நிலைக்கும். இவ்விதியை மறவாதீர்கள்.

இதன் பயனைக் கண்டி போன்ற நகரத்தில் நன்கு காணலாம். ஒரே கணினியைத் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் பயன்படுத்துகின்றனர் எனக் கொள்வோம். 'லாங்' என்னும் மாறி, பட்டிகளும் செய்திகளும் எந்த மொழியில் தோன்ற வேண்டும் என்பதைக் கூறுகிறது. இலங்கைத் தமிழுக்கு அதன் பெறுமானம் 'ரி.ஏ' என்ற மொழிக் குறியையும் 'எல்.கே' என்ற நாட்டுக் குறியையும் சேர்த்து, யூரிஎப்-8 என்ற குறிமுறையுடன் எழுதப்படும். சிங்களத்துக்கு மொழிக் குறி 'எஸ்.ஐ' ஆகும். நாட்டுக் குறி இரண்டுக்கும் ஒன்றே.

கணினி முழுவதற்குமான மொழி, பெடோராவில் எட்சியினுள் 'லோகேல்.கொன்ப்' என்னும் கோப்பில் எழுதப்படும். அதில் ஆங்கிலம் இருக்கட்டும். தமிழ் மாணவர் தமது கணக்கில் தமிழையும், சிங்கள மாணவர் தமது கணக்கில் சிங்களத்தையும் தெரிவு செய்து கொள்ளலாம். ஒருவரது தெரிவு மற்றவரைத் தொடாது. உரிய மொழிப் பொதிகள் நிறுவப்பட்டிருப்பின், கணினி தமிழில் பேச ஒரு வரி போதும்.

8. அமைவுக் கோப்பைத் திருத்தும் ஒழுங்கு

எட்சியில் உள்ள கோப்புகளைத் திருத்த 'ரூட்' எனப்படும் முகாமைப் பயனரின் அதிகாரம் வேண்டும். ஆய்வுகூடத்தில் பொறுப்பாசிரியரின் அனுமதியின்றி இவ்வேலையில் இறங்கலாகாது. அனுமதி கிடைத்த பின் கீழ்வரும் ஒழுங்கைப் பின்பற்றுக:

1. திருத்துமுன் கோப்பின் பிரதி ஒன்றை வேறு பெயரில் சேமிக்க.
2. ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டும் செய்க.
3. பழைய வரியை அழிக்காமல் அதன் முன்னே # குறியை இடுக. பெரும்பாலான அமைவுக் கோப்புகளில் இக்குறியுடன் தொடங்கும் வரியைக் கணினி பொருட்படுத்தாது.
4. என்ன மாற்றினீர்கள், ஏன், எந்தத் திகதியில் என்பதை அவ்வாறே # குறியுடன் ஒரு வரியில் எழுதுக.
5. உரிய சேவையை மட்டும் மீளத் தொடக்கிச் சோதிக்க.
6. சரிவராவிடின் பிரதியை மீண்டும் பழைய பெயரில் இடுக.

நான்காவது படியைப் பலரும் தவிர்த்து விடுகிறார்கள். ஆறு மாதங்களின் பின் அந்தக் கணினியின் முன் அமரப்போவது நீங்களாகவும் இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம். குறிப்பு இருந்தால் அவர் உங்களை வாழ்த்துவார்.

9. செய்து காட்டிய பிரசினம்

பிரசினம்: ஆய்வுகூடக் கணினி ஒன்றில் பென் டிரைவ் ஒவ்வொரு முறையும் தானாகவே இணைய வேண்டும் என்பதற்காக எப்எஸ்டாப் கோப்பில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. மறுநாள் பென் டிரைவ் இல்லாமல் கணினி தொடக்கப்பட்டது. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் காத்திருந்த பின் கறுப்புத் திரையில் அவசர நிலை என்ற செய்தி தோன்றியது. கணினியில் மாணவர் குழு ஒன்றின் செயற்றிட்டம் உள்ளது. என்ன செய்யலாம்?

காரணம்: எப்எஸ்டாப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் ஆறு புலங்களைக் கொண்டது. சாதனம், இணைக்கும் இடம், கோப்பு முறைமையின் வகை, தெரிவுகள் என்பன முதல் நான்கு. ஐந்தாவதும் ஆறாவதும் காப்புப் பிரதி, சோதனை ஆகியவற்றுக்கான எண்கள். வரியில் சிறப்புத் தெரிவு எதுவும் இல்லையெனில், அச்சாதனம் கட்டாயம் தேவை என்றே முறைமை கொள்ளும். சிஸ்டம்டி 90 செக்கன் காத்திருந்து, சாதனம் கிடைக்காதபோது அவசர நிலைக்குச் சென்றது. வன்தட்டு பழுதாகவில்லை. கோப்புகளும் அழியவில்லை.

தீர்வு: பொறுப்பாசிரியர் ரூட் கடவுச்சொல்லை இட்டு உள்நுழைவார். மூலப் பிரிவு வாசிப்பதற்கு மட்டும் என்ற நிலையில் இருப்பின், முதலில் அதை எழுதத்தக்கதாக மீள இணைக்க வேண்டும். பின்னர் எப்எஸ்டாப்பைத் திறந்து, புதிய வரியின் முன்னே # குறியை இட்டுச் சேமித்து, கணினியை மீளத் தொடக்க வேண்டும். பென் டிரைவுக்கான வரி தொடர்ந்தும் தேவையெனில் நான்காவது புலத்தில் 'நோபெயில்' என்னும் தெரிவைச் சேர்க்கலாம். "இச்சாதனம் இல்லாவிடினும் தொடர்ந்து செல்க" என்பது இதன் பொருள்.

மாற்று வழி: கடவுச்சொல் தெரியாவிடின் அல்லது அவசர நிலையும் தோன்றாவிடின், லினக்ஸ் வெளியீடு ஒன்றை நேரலை இறுவட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ தொடக்கலாம். இவ்வாறு தொடக்கும்போது வன்தட்டில் எதுவும் நிறுவப்படாது. வன்தட்டை இணைத்து, முதலில் செயற்றிட்டத்தைப் பிரதி எடுத்துக் கொண்டு, பின்னர் அந்த வரியைத் திருத்தலாம். வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அதற்குரிய கடவுச்சொல் வேண்டும்.

முழுவதையும் அழித்துத் திரும்ப நிறுவுதல் கடைசி வழி. அது முதல் வழியன்று.

10. நினைவிற் கொள்க

• கேர்னல் தொடக்கும் முதற் செயன்முறையின் இலக்கம் 1.
• ஸ்கிரிப்ட் செயலைக் கூறும். அமைவுக் கோப்பு தெரிவைக் கூறும்.
• 'எஸ்' தொடங்கும், 'கே' நிறுத்தும். சிறிய எண் முன்னே.
• பொது அமைவுகள் எட்சியில். தனி அமைவுகள் வீட்டு அடைவில்.
• பின்னர் வாசிக்கப்பட்டதே நிலைக்கும்.
• திருத்துமுன் பிரதி எடுக்க.

11. பயிற்சி வினாக்கள்

பகுதி அ – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. கணினி தொடங்கும்போது பின்வருவனவற்றுள் முதலில் நடைபெறுவது எது?
(1) கேர்னல் நினைவகத்தில் ஏற்றப்படுதல்
(2) வலுவூட்டற் சுயசோதனை
(3) உள்நுழைவுத் திரை தோன்றுதல்
(4) சேவைகள் தொடங்குதல்

2. எஸ்12, எஸ்85, எஸ்10, எஸ்99 என்னும் இணைப்புகள் ஒரே அடைவில் உள்ளன. இரண்டாவதாக நிறைவேறுவது எது?
(1) எஸ்10
(2) எஸ்99
(3) எஸ்12
(4) எஸ்85

3. புள்ளியுடன் தொடங்கும் பெயரைக் கொண்ட கோப்பு,
(1) பழுதடைந்த கோப்பு
(2) மறை கோப்பு
(3) இருமக் கோப்பு
(4) தற்காலிகக் கோப்பு

பகுதி ஆ – சுருக்கமான விடை எழுதுக.

4. சேவையின் ஸ்கிரிப்டையும் அதன் தொடங்கும் ஒழுங்கையும் வெவ்வேறு அடைவுகளில் வைப்பதன் பயன் ஒன்று எழுதுக.

5. ஓட்ட மட்டத்தைக் குறிக்கும் வரியில் 0 என எழுதப்பட்டால் கணினிக்கு என்ன நேரும்? காரணம் தருக.

6. பொதுக் கோப்பில் மொழி ஆங்கிலம் எனவும், கமலாவின் வீட்டு அடைவில் உள்ள கோப்பில் தமிழ் எனவும் எழுதப்பட்டுள்ளது. கமலா உள்நுழையும்போது எம்மொழி தோன்றும்? ஏன்?

விடைகள்

1. (2)
2. (3)
3. (2)
4. இணைப்பை மட்டும் நீக்கிச் சேவை தொடங்காதவாறு செய்யலாம். மூல ஸ்கிரிப்ட் அழியாது. வேண்டும்போது மீண்டும் இணைப்பை இடலாம்.
5. கணினி தொடங்கியவுடனே நின்றுவிடும். மட்டம் 0 கணினியை நிறுத்துதலைக் குறிக்கும்.
6. தமிழ். பொதுக் கோப்பின் பின்னரே பயனரின் கோப்பு வாசிக்கப்படுகிறது. பின்னர் வாசிக்கப்பட்டதே நிலைக்கும்.

குறிப்பு: வினா 5, 6 போன்றவற்றில் விடையை மட்டும் எழுதிக் காரணத்தை விடுபவர்கள் புள்ளிகளை இழக்க நேரிடும். 'காரணம் தருக', 'ஏன்' என்ற சொற்களை வினாவில் கண்டவுடன் அவற்றின் கீழே கோடிட்டுக் கொள்ளுங்கள்.